புத்தகம் பிடிப்பவன்

ஆவுடை சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் குற்றாலிங்கம். புத்தகம் அவன் மடியில் விரிந்து கிடந்தது. ஒப்பிக்கும்போது எதிராளியின் முகத்தைப் பார்த்தால் அவளுக்குச் சொல் நழுவிவிடும். எதிராளியே இல்லாவிட்டாலோ சொல் வரவே வராது. ஆகவே முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்ட வேண்டும், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் "ம்" கொட்ட வேண்டும், எதையாவது விட்டுவிட்டால் "விட்டுட்ட" என்று மட்டும் சொல்ல வேண்டும். எடுத்துக் கொடுக்கக் கூடாது. எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். பள்ளிக்கூட நாளில் அவள் தங்கச்சி பிடித்த புத்தகம். இப்போது நாற்பத்தைந்து வயதில், சட்டக் கல்லூரியின் ஒப்பந்தச் சட்டப் பேப்பருக்குப் புருசன் பிடிக்கிற புத்தகம். இரண்டு தடவை எழுதிப் போன பேப்பர். நாளைக் காலையில் மூன்றாம் தடவை. "இந்த வாட்டியும் போச்சுன்னா பையத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன். பேசாம யாழினிகிட்டயே திரும்பிப் போயிருவோம்" என்று காலையில் தேங்காய் துருவிக்கொண்டே சொல்லியிருந்தாள். யாழினி அவர்கள் மகள், மெல்பர்னில் படிக்கிறாள். சொன்னவள் முகத்தில் ஒன்றும் இல்லை. தேங்காய்த் துருவலில்தான் ஓடு கொஞ்சம் சேர்ந்து வந்திருந்தது.

"ஒப்பந்தம் ஒன்று செல்லத்தக்கதாக இருக்க வேண்டுமானால் பின்வரும் கூறுகள் அதில் அமைந்திருக்க வேண்டும். முதலாவது, முன்மொழிவு." ம். "இரண்டாவது, அதனை ஏற்றல்." ம். விரல் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிற்றில் தேங்காய்ப்பால் சொதி. இஞ்சித் துவையலை எவ்வளவு வைத்துச் சாப்பிட்டாலும் சொதி தன் வேலையைக் காட்டாமல் விடுவதில்லை, கண்ணிமைக்கு உள்பக்கமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதிர்க் கல்யாண மண்டபத்தில் மைக் செட்காரன் "ஹலோ, செக், ஹலோ" என்று எண்ணெய் வழிகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு யார் ம் கொட்டுவார்கள்? யாருமே கேட்காத ஒரு ஹலோவை இப்படி நாள் முழுக்கச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும். இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று தரகர், பாளையங்கோட்டையிலேயே அமைதியான தெரு என்றார்; முகூர்த்தமில்லாத மாதமாகப் பார்த்துக் கூட்டிவந்திருக்கிறார். "மூன்றாவது, மறுபயன்." ம். இங்கே இரு, இங்கே இரு என்று குற்றாலிங்கம் தன்னையே அதட்டிக்கொண்டான். மெல்பர்னில் ஒரு கல்லூரியின் படிப்புதவி மையத்தில் அவன் இத்தனை வருடம் பார்த்த வேலையே இதுதான். எப்படிப் படிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. போனை அடுத்த அறையில் வை, ஒரே மூச்சில் படிக்காதே, இடைவெளி விட்டுத் திரும்பிப் பார், படித்ததை இன்னொருவருக்குச் சொல். கவனம் ஒரு நாய்க்குட்டி மாதிரி, ஓடினால் அடிக்காதே, கூப்பிட்டுக் கொண்டுவந்து உட்காரவை என்று ஒரு ஸ்லைடு வைத்திருந்தான், காது தொங்குகிற நாய்க்குட்டிப் படத்தோடு. வேறெது மறந்தாலும் அந்த நாய்க்குட்டியை எந்தப் பிள்ளையும் மறந்ததில்லை. இப்போது அந்த நாய்க்குட்டி மைக் செட்காரனின் காலடியில் போய்ப் படுத்திருக்கிறது. கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறது, எழுந்து வரமாட்டேன் என்கிறது.

ஊருக்கு வந்த புதிதில் இந்த வித்தை எல்லாவற்றையும் ஆவுடை மேல் இறக்கினான். பிரியத்தில்தான் இறக்கினான், பிரியத்தோடு கொஞ்சம் தொழில் கர்வமும் இருந்திருக்கும். மஞ்சள் அட்டை வாங்கிவந்து ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதினான், அதுவும் இங்கிலீஷில், கேள்வித்தாள் இங்கிலீஷில் வருமே என்று. பிரிட்ஜில் ஒன்று, அரிசிப் பானை மூடியில் ஒன்று, நிலைக்கண்ணாடியில் வரிசையாக. ஒரு நாள் காலையில் சீப்பும் கையுமாக வந்து நின்றாள். "ஏங்க, கண்ணாடில என் மொகத்தக் காணோம். கன்சிடரேஷன்தான் தெரியுது. அதுக்கா பொட்டு வைக்க?" நேரம் வைத்துப் படிக்கச் சொல்லி அலாரம் வைத்துக் கொடுத்தான். ஒரு வரையறையின் பாதியில் அது அலறும். "நடுவுல மணி அடிச்சா நான் என்ன பைய எடுத்துக்கிட்டு ஓடணுமா?" மனசுக்குள் படி, சத்தமாகப் படித்தால் உருப்போடத்தான் வரும், புரியாது என்றான். அவளும் கேட்டாள். ஒரு பருவம் முழுக்க வீடே மூச்சுவிடாமல் இருந்தது, அவள் பக்கத்தைப் பார்த்தபடி இருந்தாள், பக்கம் அவளைப் பார்த்தபடி இருந்தது. ரிசல்ட் வந்தது. அடுத்த பருவமும் அப்படியே. இந்தத் தடவைதான் அட்டைகளையெல்லாம் உரித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, "இது என் வழிங்க. நான் சத்தமாச் சொல்லுதேன், நீங்க ம் கொட்டுங்க, போதும்" என்றாள். அதுவும் நல்லதற்குத்தான். அவள் குரல் திரும்பி வந்ததே வீட்டுக்கு ஒரு வெளிச்சம் மாதிரி இருந்தது. கல்லூரியில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை ரெஜினா ஒரு நாள் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க படிச்சா மாநிலச் செய்திகள் மாதிரி இருக்கு, கடைசில வானிலையும் சொல்லிருங்க" என்றது.

சத்தம் போட்டுப் படிப்பதை அவன் எங்கே வெறுக்கக் கற்றுக்கொண்டான்? பத்தாம் வகுப்புவரை அம்பாசமுத்திரத்தில் தமிழில் படித்தவன், பதினொன்றாம் வகுப்புக்கு இதே பாளையங்கோட்டைக்கு வந்ததும் எல்லாம் இங்கிலீஷ். ஒரு சொல் புரியாமல் ஒரு வருடம். ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து இயற்பியல் புத்தகத்தைக் காலாலேயே மனப்பாடம் செய்தான். ரேட் ஆஃப் சேஞ்ச் என்றால் இடது கால், ஆஃப் மொமென்டம் என்றால் வலது கால். அர்த்தம் எதுவும் வரவில்லை, மார்க் வந்தது. அந்த நடையை நினைத்துப் பின்னால் வெட்கப்பட்டிருக்கிறான், மெல்பர்னில் அதையே உதாரணமாகக் காட்டி இப்படிப் படிக்கக் கூடாது என்று சிரிக்கவைத்திருக்கிறான். அதே மெல்பர்னில் ஒரு நாள் டிராம் சடாரென்று நின்றது. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். ஒரு கிழவருடைய ஆரஞ்சுப் பழங்கள் உருண்டு முன்பக்கம் போயின. இடது கால், வலது கால், உந்தம் மாறும் வேகத்தைப் பற்றிய அந்த வாக்கியம் முழுசாக, சுத்தமாக, எழுந்து வந்து தன் அர்த்தத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடம் உள்ளே காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அவன் கம்பியைப் பிடித்தபடி சிரித்தான், கிழவர் தன் பழத்துக்காகத்தான் சிரிக்கிறான் என்று நினைத்து முறைத்தார். இதை அவன் எந்த ஸ்லைடிலும் போடவில்லை. ஏன் போடவில்லை? "ஏழாவது..." ஏழாவதா? ஆறுவரைக்கும் ம் கொட்டிவிட்டானா? விரல் எங்கேயோ நிற்கிறது. இல்லை, அவள் ஆறாவதைத்தான் முடித்து, சற்று நிறுத்தி, ஏழாவது கிடையாது என்று தனக்கே சொல்லிக்கொள்கிறாள். "ஏழாவது இல்ல. ஆறுதான். அடுத்த கேள்விக்குப் போறேன்." ம். இனிமேல் அசையக் கூடாது. அவள் பின்கழுத்தைப் பார்த்துக்கொள், புத்தகத்தைப் பார்த்துக்கொள், வேறெதையும் பார்க்காதே. பின்கழுத்தில் வியர்வை கோத்திருந்தது. கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். அதில் நரைத்த ஒரு கற்றை மட்டும் பென்சிலுக்கு அடங்காமல் வெளியே நின்றது.

"சம்மதம் என்றால் என்ன? இரண்டு பேர் ஒரே பொருளைக் குறித்து ஒரே அர்த்தத்தில் உடன்படுவதே சம்மதம் எனப்படும்." ம். ஒரே பொருள், ஒரே அர்த்தம். எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தான், நினைத்த இடத்திலேயே மாட்டிக்கொண்டான். மெல்பர்ன் வீட்டுச் சமையலறை, சிங்க்கில் தண்ணீர் நிறைந்து அடைத்துக்கொண்டு நிற்கிறது, இவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறான், முழங்கைவரை நுரை. குளிர்காலம், ஜன்னல் கண்ணாடியில் ஆவி. பின்னால் ஆவுடை துடைத்த தட்டுகளை அடுக்கிக்கொண்டே என்னமோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். குழாய்ச் சத்தத்தில் பாதி வருகிறது, பாதி வரவில்லை. வந்த பாதியில், இப்படியே எத்தனை நாளுக்கு விடுவது, இனியும் தள்ளிப்போட்டால் முடியாது, நாம் முடிவெடுத்தால்தான் உண்டு. இவனுக்கும் அதே எண்ணம்தான், ப்ளம்பரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். "உங்களுக்குச் சரிதானே?" "ம், சரி." அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலிருந்து அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஒரு ப்ளம்பருக்கா இவ்வளவு என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, திரும்பி அணைக்கலாமென்றால் கையில் நுரை. இரண்டு நாள் கழித்து அவள் தன் அக்காவிடம் போனில் சொல்வதைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஊருக்கே திரும்பப் போகிறார்களாம், அவள் சட்டம் படிக்கப் போகிறாளாம், கேட்ட மாத்திரத்தில் அவர் சரி சொல்லிவிட்டாராம். ம். அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் குரலில் இருந்த அந்தத் துள்ளலைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்வது? ம். வேலையை விட்டான், வீட்டை விற்றார்கள், யாழினியை ஹாஸ்டலில் விட்டார்கள், வந்தார்கள். வந்ததில் அவனுக்கு வருத்தமா? ம். வருத்தம் என்று சொல்ல முடியாது. காலையில் பதனீர்க்காரன் மணியடிக்கிறான், தாமிரபரணித் தண்ணீரில் சாம்பாருக்கே தனி ருசி, தெருவில் எவனோ "அண்ணாச்சி" என்று கூப்பிட்டால் இவனும் சேர்ந்து திரும்பிப் பார்க்கிறான். ஆனால் காலையில் அவள் திரும்பிப் போயிருவோம் என்றாளே, அப்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசாக, மிக லேசாக, எழுந்து உட்கார்ந்ததே, அது என்ன? ம். அப்படியானால் இத்தனை நாளும் அட்டை ஒட்டியது, அலாரம் வைத்தது, வாயை மூடிப் படிக்கச் சொன்னது? சே, அப்படி இல்லை. இருக்காது. இல்லை என்று எப்படித் தெரியும்? "ஆகவே இப்படிப்பட்ட ஒப்பந்தம், சம்மதம் பாதிக்கப்பட்ட தரப்பின் விருப்பத்தின் பேரில் செல்லாததாக்கத்தக்கது."

அவள் குரல் நின்றிருந்தது. மின்விசிறி மட்டும் சுற்றியது. "அஞ்சும் வந்துச்சா?" என்று ஆவுடை சுவரிடம் கேட்டாள். குற்றாலிங்கம் பக்கத்தைப் பார்த்தான். வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான எடுத்துரைப்பு, பிழை. ஐந்து இருந்தன. அவள் ஐந்து சொன்னாளா, நான்கு சொன்னாளா, இடம் மாற்றிச் சொன்னாளா, எதுவும் அவனிடம் இல்லை. வந்தது என்று சொல்லிவிடலாம். அநேகமாக வந்திருக்கும். வராமல் ஒன்றை விட்டிருந்தால் நாளைக்கும் அதையே விடுவாள், புருசன் ம் கொட்டிய தைரியத்தில் விடுவாள். தெரியவில்லை என்றால் தொண்டை கட்டிப்போன இந்தக் குரலை வைத்துக்கொண்டு மறுபடியும் முதலில் இருந்து. அதைவிட, நீயும் கேட்கவில்லையா என்று அந்த முதுகு நினைக்குமே. வாய் "வ" என்று குவிந்துவிட்டது. குவிந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு அவன் ஒரு கணம் பயந்தான், பரீட்சை ஹாலில் பயப்படுகிற பயம்.

"தெரியல" என்றான்.

ஆவுடை திரும்பினாள். உடம்பு முழுவதையும் திருப்பி, அவன் பக்கமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "தெரியலன்னா?"

"சம்மதம்னா என்னன்னு சொன்னேல்லா, அதுவரைக்கும் இருந்தேன். பெறகு இல்ல."

"பெறகு ம் கொட்டுனது யாரு?"

"வாய்தான் கொட்டிருக்கு."

"தாளம் தப்பாம கொட்டுச்சே! எங்க போயிருந்திய?"

சொன்னான். சிங்க், குழாய்ச் சத்தம், ப்ளம்பர், அவள் முதுகில் முகம் வைத்தது, எல்லாம். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு அங்கேயே நின்றது, பிறகு போயிற்று. எதிரே மைக் செட்காரன் ஹலோ சொல்வதை நிறுத்தியிருந்தான். "அப்ப நான் யார்கிட்டச் சொன்னேன்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பான். "அக்காகிட்ட, யாழினிகிட்ட, ரெஜினாகிட்ட, எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டுத் திரியுதேன். கேட்ட மாத்திரத்துல சரின்னுட்டாரு, மறுபேச்சே இல்லன்னு. ப்ளம்பருக்கா சரின்னிய?" அவன் புத்தகத்தை மூடினான். மூடியது தப்போ என்று மறுபடி திறந்தான். பக்கம் மாறிவிட்டது.

"இரிங்க" என்றாள் ஆவுடை. பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். "நான் சொன்னது ஊரு. நீங்க நெனச்சது அடைப்பு. பொருளே வேற. அப்ப அங்க சம்மதம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அது சுயேச்சையா குடுத்ததா, வற்புறுத்தி வாங்குனதாங்கற கேள்விக்கே எடமில்ல. அந்த அஞ்சும் தேவையே இல்ல. அஞ்சும் எப்ப வரும்னா, சம்மதம்னு ஒண்ணு இருந்து, அதுல பழுது இருந்தாத்தான். இது மொதல்லயே செல்லாது." அவள் சுவரைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தே பேசினாள், ஒரு சொல்கூட நழுவவில்லை. அவனுடைய மெல்பர்ன் வாய், பார்த்தியா, இதைத்தான் நான் என்று ஆரம்பிக்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான்.

"செல்லாதுன்னா?" என்றான். "அப்புறம் வேலைய விட்டேனே. வீட்ட விக்கக் கையெழுத்துப் போட்டேனே. விசயம் தெரிஞ்ச பெறகுதான எல்லாத்தையும் செஞ்சேன். என்னைய யாரும் தூக்கிட்டு வரலியே."

"செஞ்சிய." பென்சில் முனையைப் பல்லில் தட்டினாள். "வாயால ஏத்துக்கிடாட்டியும் செய்கையால ஏத்துக்கிடலாம். பிரிவு எட்டு. முன்மொழிவுல சொன்னத ஒருத்தன் செஞ்சிட்டான்னா, அதுவே ஏற்பு." பென்சிலைப் பல்லிலிருந்து எடுத்தாள். "அது சட்டத்துக்கு. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நான் பெயிலானா திரும்பிப் போயிரலாம்னு உங்களுக்கு ஆச இருக்கா?"

இதற்கு ம் கொட்ட முடியாது. "ஒரு ஓரத்துல இருக்கு" என்றான். "இன்னைக்குத்தான் பாத்தேன்."

"எனக்கும் ஒரு ஓரம் இருக்கு" என்றாள் ஆவுடை. "பெயிலாயிட்டா இந்தக் கஷ்டம் விட்டுச்சுன்னு. பரீட்ச ஹால்ல கேள்வித்தாளத் தந்ததும் அந்த ஓரம் அப்படியே நகந்து நடுவுக்கு வந்துருது. வந்து உக்காந்தா ஒரு சொல்லு நிக்காது. நீங்க அட்ட ஒட்டுனதாலயும் இல்ல, நான் கத்திப் படிக்காததாலயும் இல்ல. விட்டுரலாம்னு ஒரு கதவத் தொறந்து வச்சிருந்தா மனசு அது வழியாத்தான் போகும்." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். குற்றாலிங்கத்துக்கு அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது, இத்தனை வருடம் கூட இருந்தும் இந்த ஓரத்தைத் தான் பார்த்ததில்லை என்பது போல ஒன்று. அதற்குள் அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "தண்ணிச் சத்தம் ஒண்ணும் இல்லியே? மைக்கும் ஓஞ்சிருக்கு. இப்பம் கேளுங்க. நாளைக்கு என்ன ஆனாலும் நான் விடமாட்டேன், போனா மறுபடி எழுதுவேன். நான் முடிக்கிறவரைக்கும் நீங்க இங்க என்கூட இருக்கணும். புடிக்காத எதுவும் இருந்தா ம் கொட்டாம வாயத் தொறந்து சொல்லணும். கண்ணாடில இனிம ஒரு அட்டயும் ஒட்டக் கூடாது. சரியா?"

"சரி."

"சரி சொல்லுதது பெருசில்ல. ஒப்பிங்க பாப்போம்."

அவள் கை நீட்டி அவன் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டாள், அதில் தன் நிபந்தனைகள் அச்சடித்திருப்பது போல விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குற்றாலிங்கம் தொண்டையைச் செருமினான். "நீ விடமாட்ட, போனா மறுபடி எழுதுவ."

"ம்."

"நீ முடிக்கிறவரைக்கும் நான் இங்க உன்கூட இருக்கணும்."

"ம்."

"கண்ணாடில அட்ட ஒட்டக் கூடாது."

"விட்டுட்டிய."

எதை விட்டான்? யோசித்தான். அந்த மத்தியானத்தில் முதன்முறையாக மனம் வேறெங்கும் போகவில்லை, அவள் உதடு அசைந்த வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. "புடிக்காதது எதுவும் இருந்தா வாயத் தொறந்து சொல்லணும்."

"சொல்லுவியளா?"

"இப்பமே ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"எனக்கு இந்த ஒப்பந்தச் சட்டம் சுத்தமாப் புடிக்கல ஆவுடை."

அவள் சிரித்த சிரிப்பில் பென்சில் கையிலிருந்து விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. "எனக்கு மட்டும் புடிச்சிருக்குன்னா நெனச்சிய?" என்றாள். பிறகு புத்தகத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பாமல் அவனுக்கு நேர் எதிராக அப்படியே உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டே, முதலில் இருந்து ஆரம்பித்தாள்.